குத்தாத காது

போன வாரம் போனில் "சரிண்ணே" என்று ஒரு வார்த்தை சொன்னாள் அல்லவா தமிழ்ச்செல்வி? அந்த வார்த்தை ஞாயிற்றுக்கிழமை காலையில் மீன்முள்ளாக அவள் தொண்டையில் நின்றது.

அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது. பேரையூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண், மதுரை மகபூப்பாளையத்து யூசுப்பைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து பிறந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. "எனக்கு மக இல்ல" என்று அப்பா முத்திருளன் ஊரறியச் சொல்லிவிட்டார். நிக்காஹ்வில் தஸ்லிமா ஆனாள். ஹஸ்னா பிறந்தாள், அப்புறம் ஆதில் பிறந்தான். அந்தப் பக்கத்திலிருந்து நல்லது கெட்டது கேட்டு ஒரு போன் கிடையாது. அப்படி இருக்கும்போது அண்ணன் அசோக்குமார் தானாகக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கிழமை வாரேன்த்தா. பயலுக்குக் காது குத்தணும்ல? ஆசாரியையும் கூட்டியாரேன்" என்றால் எந்தத் தங்கச்சி இல்லை என்பாள்?

சொல்லிவிட்டு உட்கார்ந்து அழுதாள். அழுது முடித்த பிறகுதான் உறைத்தது, இந்த வீட்டில் ஆண் பிள்ளைக்குக் காது குத்த மாட்டார்கள்.

திருப்பிக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்தான். தினமும் போனை எடுத்தாள், வைத்தாள். அவள் பிறந்த பக்கத்தில் ஆணோ பெண்ணோ, பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். மாமனுக்கு இருக்கிற பெரிய உரிமை அது. அந்த உரிமையைக் கேட்டு வருகிறவனிடம் வேண்டாம் என்றால், அவன் இனி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டான். அந்தப் பயம் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

புருஷனிடம் சனிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னாள். யூசுப் தலையைச் சொறிந்தான். அப்பாவை அத்தா என்பது அவன் வீட்டு வழக்கம். "அத்தாகிட்ட நீயே சொல்லிரு. உன் மேல கோவப்பட மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, விடிந்ததும் கப்பலூர் கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போய்விட்டான். மாமியார், மகள் பிரசவத்துக்குச் சென்னை போயிருக்கிறார். மிச்சம் இருந்தவர் மாமனார் மைதீன் பிச்சை ஒருவர்தான். அவர் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். செல்வி காபி கொடுத்தாள், வடை கொடுத்தாள், சொல்ல வேண்டியதை மட்டும் கொடுக்கவில்லை.

"எங்கண்ணன் வர்றாங்க மாமா" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

"வரட்டும்மா, சந்தோஷம்தானே" என்றார் அவர்.

அசோக்குமார் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகையை இறக்கி விற்றுவிட்டு, திருமங்கலத்து ஆசாரியைக் கூட்டிக்கொண்டு பதினோரு மணி வாக்கில் மாடிப்படி ஏறினான். ஒரு கையில் சீர்த்தட்டு, மறு கையில் தூக்குச்சட்டி. தங்கச்சியைப் பார்த்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல், "மெலிஞ்சிட்ட" என்றான். அவள் மெலியவில்லை. இரண்டு பிள்ளை பெற்ற பிறகு நன்றாகவே சதை போட்டிருந்தாள்.

மைதீன் பிச்சை எழுந்து வந்து கையைப் பிடித்து அழைத்தார். "வாங்க தம்பி. பேரையூரா, உள்ள தள்ளியா?"

"உள்ள தள்ளித்தான் பாய். சாப்டூர் ரோடு."

"அந்த ரூட்டுல வருஷக்கணக்கா டிக்கெட் கிழிச்சவன் நான். உங்க ஊர்க்காரங்க கோழியைப் பைக்குள்ள வச்சுக்கிட்டு லக்கேஜ் இல்லம்பாங்க. அது உள்ள இருந்து கத்தும்."

ரிட்டயர்டு கண்டக்டர் அவர். யாரைப் பார்த்தாலும் ஊர் கேட்டு, அந்த ஊருக்கு முந்தின ஸ்டாப்பையும் அடுத்த ஸ்டாப்பையும் சொல்லிவிடுவார். அசோக்குமாருக்குச் சிரிப்பு வந்தது. தொட்டிலில் கிடந்த எட்டு மாத ஆதிலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளை புது ஆள் என்றும் பார்க்காமல் அவன் சட்டைப் பையிலிருந்த பேனாவைப் பிடித்து இழுத்தான். கொஞ்ச நேரத்துக்கு எல்லாம் நன்றாகத்தான் போனது.

தூக்குச்சட்டியைத் திறந்தான். வெல்லமும் தேங்காயும் போட்ட காப்பரிசி.

"சாமிக்குப் படைக்கல பாய். படைச்சதை நீங்க சாப்பிட மாட்டீகன்னு தெரியும். அம்மாட்டச் சொல்லித் தனியா கிளறி வாங்கியாந்தேன்."

"விசாரிச்சுட்டுத்தான் வந்திருக்கீங்க" என்று மைதீன் பிச்சை ஒரு கை அள்ளி வாயில் போட்டார். "நல்லாயிருக்கு. காப்பரிசியெல்லாம் என்ன விசேஷத்துக்கு?"

"காது குத்துக்குத்தான். செல்வி சொல்லலையா?"

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. மாமனார் மருமகளைப் பார்த்தார். மருமகள் தரையைப் பார்த்தாள். ஆசாரி விவரமான ஆள், சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

"பையனுக்கா தம்பி?"

"ஆமா. மருமகனுக்குத்தான்."

"எங்கள்ல ஆம்பளப் பிள்ளைக்குக் காது குத்துறதில்லையே."

அசோக்குமார் அவரை உற்றுப் பார்த்தான். "உங்க காதுலயே ஓட்டை கெடக்கே பாய்."

இதை எதிர்பார்க்காதவர் இல்லை மைதீன் பிச்சை. அறுபத்தைந்து வயது வரை எத்தனையோ பேர் கேட்ட கேள்வி. தூர்ந்துபோன ஓட்டையைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"எனக்கு முன்னால பொறந்த ரெண்டும் தங்கல. நானாவது பிழைக்கணும்னு எங்கம்மா தர்காவுல நேந்துக்கிட்டு, காதைக் குத்தி, பிச்சைன்னு பேரும் வச்சுட்டாங்க. பெத்தவ பயம், அதுல நான் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அது சரின்னும் சொல்ல மாட்டேன். சின்ன வயசுல மதரஸாவுல எம்புட்டுக் கேலி பட்டிருக்கேன் தெரியுமா? அதனாலதான் யூசுப்பு காதுல ஒருத்தரையும் கைவைக்க விடல."

"எங்க ஊர்ல காது குத்தாத ஆம்பளையத்தான் கேலி பண்ணுவாக."

"அது உங்க ஊரு தம்பி."

கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அசோக்குமாருக்கு முகம் சுருங்கிவிட்டது. தங்கச்சி பக்கம் திரும்பினான்.

"ஏன்த்தா, ஆகாதுன்னா போன்லயே சொல்லியிருக்கலாம்ல? ஆசாரி வரைக்கும் கூட்டியாந்து நிக்கேன்."

"சொன்னா நீ வரமாட்டேண்ணே" என்றாள் செல்வி.

அசோக்குமார் பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டான். "மடி குடுக்கத்தான் வந்தேன். அது வேணாம்னா இங்க நான் யாரு?" என்று எழுந்தான். செல்வி பயந்தது எதுவோ அது அப்படியே நடக்கிறது.

அந்த நேரம் பார்த்துப் பள்ளிவாசலில் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள். மைதீன் பிச்சை தொப்பியை எடுத்தார்.

"தம்பி, நான் சொன்னா கிழவன் வீம்புன்னு நினைப்பீங்க. என்கூட வாங்க. தொழுகை முடிஞ்சதும், தொழ வைக்கிற ஹஸ்ரத்தைக் கேட்போம். அவர் ஆகும்னு சொல்லிட்டா உங்க மடியிலயே வச்சுக் குத்துவோம். ஆசாரி, நீங்க உக்காருங்க, டீ வரும்."

சும்மா திரும்பிப் போவதைவிட ஒரு கை பார்த்துவிட்டுப் போவது மேல் என்று அசோக்குமாருக்குத் தோன்றியது. செருப்பை மாட்டிக்கொண்டு அவர் பின்னால் இறங்கினான்.

தொழுகை முடிகிற வரைக்கும் பள்ளிவாசலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றான். ஹஸ்ரத் என்றதும் தாடி நரைத்த ஒருவரை எதிர்பார்த்திருந்தான். ஸ்கூட்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டு வந்தவருக்கு அசோக்குமாரைவிடப் பத்து வயது கம்மி இருக்கும். விஷயத்தைக் கேட்டுவிட்டு இழுக்காமல் சொன்னார்.

"ஆம்பளப் பிள்ளைக்குக் கூடாதுண்ணே. நகைக்காகக் காது குத்துறது பெண்களோட அலங்காரம். அதை ஆம்பளைங்க செய்யக்கூடாதுங்கறது எங்க மார்க்கம். காரணமில்லாம உடம்புல ஓட்டை போடுறதும் கூடாது."

"ஓட்டை போடாம, சும்மா கவ்விக்கிற மாதிரி செஞ்சு போட்டா?"

"என்ன உலோகம்?"

"தங்கம்தான். கடுக்கன்."

"தங்கமும் ஆம்பளைக்கு ஆகாதுண்ணே."

அசோக்குமாருக்குச் சப்பென்று போனது. காதும் ஆகாது, தங்கமும் ஆகாது. ஒரு வாசலை அடைத்தால் மறு வாசல் வழியாக வரலாம் என்று பார்த்தால் அங்கேயும் பூட்டு.

"பொம்பளப் பிள்ளைன்னா தடையில்ல" என்று ஹஸ்ரத் தானாகவே தொடர்ந்தார். "நபி காலத்துப் பெண்களே தோடு போட்டிருக்காங்க. பெருநாள் அன்னிக்குத் தர்மம் கேட்டப்ப காதுல கிடந்ததைக் கழட்டிக் குடுத்தாங்கன்னு ஹதீஸ்ல வருது."

காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார்கள் என்றதும் அசோக்குமார் தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்கு யார் ஞாபகம் வந்தது என்பது அவனுக்கும் ஆசாரிக்கும் மட்டும் தெரியும்.

"மாமன் மடியில வச்சுக் குத்துறது?" என்று கேட்டவர் மைதீன் பிச்சை.

"மடியில உக்காந்தா என்ன, கட்டில்ல உக்காந்தா என்ன? அது சொந்தம். சாமிக்கு நேந்துக்கிட்டுச் செய்யாதவரைக்கும் நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல." ஹஸ்ரத் ஸலாம் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார்.

இரண்டு பேரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். பேச்சை அசோக்குமார்தான் ஆரம்பித்தான்.

"மூத்த பொண்ணுக்கும் நான் இல்ல பாய். அது பொறந்தப்ப நாங்க பேச்சுவார்த்தையில இல்ல. மாமன் இல்லாமயே காது குத்தி முடிச்சிருப்பீக. சின்னவனுக்காவது மடி குடுப்போம்னு ஓடியாந்தேன். சரி, நமக்கு வாய்க்கல."

மைதீன் பிச்சை நடையை நிறுத்தினார். "மூத்தவளுக்குக் குத்தியாச்சுன்னு யார் சொன்னா?"

"நாலு வயசாகுது. எந்த வீட்டுல நாலு வயசு வரைக்கும் பொட்டப்பிள்ளைக்குக் குத்தாம விடுவாக?"

அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. அவன் ஊர்ப் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு ஒரு வயது தாண்டிக் காது மூளியாக இருந்தால் தெருவே கேட்கும். யாரோ அனுப்பிய பெருநாள் போட்டோவில் அவன் ஹஸ்னாவைப் பார்த்திருக்கிறான். தலையையும் காதையும் மூடிய மக்கனாவோடு வட்டமாக ஒரு முகம். துணிக்குள்ளே தோடு இருக்கும் என்று அவனே முடிவு செய்துகொண்டான்.

பள்ளிவாசலை ஒட்டிய மதரஸாவில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பச்சை மக்கனா போட்ட ஒருத்தி, "நன்னா" என்று தாத்தா மைதீன் பிச்சையின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"ஹஸ்னா, மக்கனாவைக் கழட்டும்மா. மாமாவுக்கு உன் காதைக் காட்டு."

அவள் கழற்றினாள். இரண்டு காதும் பிறந்த அன்று இருந்த மாதிரியே இருந்தன.

"என் வீட்டுக்காரி இதுக்காக மருமககிட்டப் போடாத சண்டை இல்ல" என்றார் மைதீன் பிச்சை. "கேட்டா காய்ச்சலும்பா, வெயில் காலம் சீழ் பிடிக்கும்பா, பிள்ளை பயப்படுதும்பா. ஒவ்வொரு பெருநாளுக்கும் ஒரு சாக்கு. தனக்கு விருப்பமில்லாமத்தான் தள்ளிப் போடுறான்னு நாங்களும் விட்டுட்டோம். எதுக்காக வச்சிருந்தான்னு இப்பல்ல தெரியுது."

அசோக்குமார் அந்த நடுத்தெருவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். பிள்ளையின் காதுமடலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தான். அவனுக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் எழுந்தான்.

வீட்டில் செல்வி அதற்குள் வேறொரு முடிவுக்கு வந்திருந்தாள்.

ஆசாரிக்கு டீ கொடுக்கும்போது தட்டிலிருந்த சின்ன டப்பாவைத் திறந்து பார்த்தாள். இரண்டு கடுக்கன். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சிவப்புக்கல். அதில் ஒரு கல்லின் ஓரம் லேசாகச் சில்லு தெறித்திருந்தது. அது எப்படித் தெறித்தது என்று அவளுக்குத் தெரியும். கைப்பிள்ளையாக இருந்தபோது அம்மாவின் தோட்டைக் கடித்து இழுத்தவள் அவள்தான் என்று அம்மா ஒச்சாயி பல தடவை சொல்லித் திட்டியிருக்கிறாள்.

"இது எங்கம்மா தோடுல்ல?"

ஆசாரி மழுப்பிப் பார்த்தார், முடியவில்லை. "அழிச்சுச் செய்யச் சொல்லி அவுகதான் கொண்டாந்து குடுத்தாக. அப்பாவுக்குத் தெரியாது."

"அப்ப அம்மா காதுல?"

"ஓட்டை தூர்ந்துறாம வேப்பங்குச்சி சொருகியிருக்காக. முந்தானைய இழுத்து மூடிக்கிட்டுத் திரியிறாக."

செல்வி டப்பாவை மூடினாள். ஆதிலைக் குளிப்பாட்டினாள், புதுச்சட்டையைப் போட்டுவிட்டாள். ஹஸ்ரத் என்ன சொன்னாலும் சரி, யூசுப் கோபித்தாலும் சரி, இன்றைக்கு இந்தக் கடுக்கனைத் திருப்பி அனுப்பப் போவதில்லை. அப்படியொரு வைராக்கியத்தோடு அவள் கூடத்தில் வந்து நின்றபோது படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"மாமா, நான் ஒண்ணு சொல்லணும். ஆதிலுக்கு..."

"அவனைத் தொட்டில்ல போடும்மா" என்றார் மாமனார். "பெரியவளைத் தூக்கி உங்கண்ணன் மடியில வை. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே பேரையூர் போய்க் கூட்டியாந்திருப்பேன்ல? எனக்குத் தெரியாத ரூட்டா?"

பயலுக்கென்று கேட்டு வந்த அண்ணனிடம் பெரியவளைப் பதிலாகக் காட்டச் செல்விக்குத்தான் வாய் வரவில்லை. இப்போது அழவும் வந்தது, சிரிக்கவும் வந்தது. இரண்டையும் செய்தாள்.

அசோக்குமார் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். ஊர்க் கருப்பசாமி கோயில் திருநீறு. பிரிக்கப் போனவன் மைதீன் பிச்சையைப் பார்த்தான், பழையபடி மடித்துப் பைக்குள்ளே வைத்துக்கொண்டான். அவர் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"இந்தக் கடுக்கன் கம்பி பாப்பா காதுக்குச் சேருமா ஆசாரி?" என்றான் அசோக்குமார்.

"கம்பிக்குப் பொண்ணு ஆணு தெரியாதுப்பா. தாராளமாச் சேரும்."

ஹஸ்னா மடியில் உட்கார்ந்து ஐஸ்கிரீமுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். எத்தனை, என்ன கலர் என்பது வரை முடிவானது. "அங்க பாரு பாப்பா, புறா" என்றார் ஆசாரி. அவள் பார்த்தாள். மைதீன் பிச்சை "பிஸ்மில்லாஹ்" என்றார். வலது காதில் சிவப்புக்கல் ஏறிவிட்டது.

அலறல் தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். மாமன் சட்டையில் மூக்கைத் துடைத்துவிட்டு, மடியிலிருந்து திமிறிக்கொண்டு நன்னா முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்தாள்.

"இன்னொரு காது இருக்குடா தங்கம்" என்றான் மாமன்.

"வேணாம். அது ஆதிலுக்கு."

பெரியவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு சிரிப்பாக அசோக்குமாரின் போன் அடித்தது. அம்மா ஒச்சாயி. செல்வியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"அசோக்கு, உங்கப்பா என் காதைப் பாத்துட்டாருடா."

சிரிப்பு நின்றது.

"தோடு எங்கன்னாரு. எனக்குப் பொய் வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"ஒரு வார்த்தை பேசல. வெள்ளச் சட்டையை எடுத்து மாட்டிக்கிட்டு வெளிய போனாரு. மதுர வண்டியில ஏறினாருன்னு பக்கத்து வீட்டுச் சோணைமுத்து வந்து சொல்றான். அது ஆச்சு ரொம்ப நேரம். நான்தான் உன்னக் கூப்பிடப் பயந்துக்கிட்டுக் கெடந்தேன்."

"கோவமா இருந்தாராம்மா?"

"அவரு மொகத்துல என்னைக்குடா என்ன தெரிஞ்சிருக்கு?"

போனை வைத்ததும் அசோக்குமார் எழுந்து நின்றான். "சண்டைக்குத்தான் வாராரு. மாமா, பிள்ளையைப் பிடிங்க. அவரு வர்றதுக்குள்ள மறு காதையும் குத்திருவோம். குத்தி முடிச்சிட்டா அப்புறம் அவரால என்ன செய்ய முடியும்?" காலையிலிருந்து பாய் பாய் என்றவன் மாமா என்று கூப்பிட்டதை அந்தப் பதற்றத்தில் அவனே கவனிக்கவில்லை.

ஆசாரி அடுத்த கடுக்கனை எடுத்தார். செல்வி போய் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். குத்தாத காதைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இது இருக்கட்டும்ணே. அப்பா வரட்டும்."

"அவரு எதுக்கு வாராருன்னே தெரியாது, செல்வி."

"எதுக்கு வந்தா என்ன? வாராருல்ல?"

ஆசாரி கடுக்கனை டப்பாவில் வைத்தார். மைதீன் பிச்சை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மனதுக்குள் ஸ்டாப்புகளை எண்ணினார்.

"இந்நேரம் வண்டி திருமங்கலம் தாண்டியிருக்கும்" என்று செருப்பை மாட்டினார். "வீடு தெரியாம அலையக் கூடாது மனுஷன். நான் பஸ் ஸ்டாண்டுல போய் நிக்கிறேன். ஆளை எனக்குத் தெரியாதேம்மா, அடையாளம் சொல்லு."

"வெள்ளைச் சட்டை போட்டிருப்பாரு" என்றாள் செல்வி. மகளின் குத்தாத காதிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. "ரெண்டு காதுலயும் கடுக்கன் போட்டிருப்பாரு மாமா."